பில்லும் கணக்கும் பிரியாமல் இருக்க: எக்செல்லில் எந்த லிங்க்?

குடியிருப்போர் சங்கத்தின் வரவு செலவு எக்செல்லில் இருக்கிறது. பில்களெல்லாம் ஸ்கேன் ஆகி, பிடிஎஃப்களாகத் தனி ஃபோல்டரில் கிடக்கின்றன. வவுச்சர் வரியைக் கிளிக் செய்தால் அதற்குரிய பில் திறக்க வேண்டும். இதற்கு வழிகள் பல உண்டு. லிங்க் வைக்கிற அன்று எல்லாமே ஒழுங்காகத் திறக்கும். கணக்கு புதிய பொருளாளரின் கணினிக்குப் போன பிறகும் திறக்குமா என்று பார்த்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பலரும் முதலில் கற்றுக்கொள்வது கண்ட்ரோலும் கே-யும். இரண்டையும் அழுத்தினால் ஒரு பெட்டி திறக்கும், ஃபைலைக் காட்டிவிட்டால் முடிந்தது. ஷீட்டும் பில்களும் ஒரே ஃபோல்டருக்குள் இருந்தால் எக்செல் முழு முகவரியைப் பிடித்துக்கொள்ளாது. ஷீட் இருக்கும் இடத்திலிருந்து வழியைக் கணக்கிடும். அதனால் மொத்த ஃபோல்டரையும் பென் டிரைவில் நகலெடுத்துக் கொடுக்கலாம். ஷீட்டை மட்டும் தனியே நகலெடுத்தால் லிங்க் அறுந்துவிடும். இன்னொரு தொல்லை, எக்செல் திடீரென நின்றுபோய், மீட்டெடுத்த ஷீட்டைச் சேமிக்கும்போது வருவது. லிங்க்குகள் மொத்தமாக 'ஆப்டேட்டா' என்ற உள் ஃபோல்டரைச் சுட்டத் தொடங்கிவிடுவது உண்டு. பத்திருபது லிங்க் என்றால் கையால் திருத்திவிடலாம். ஆயிரம் வவுச்சர் உள்ள ஷீட்டுக்கு இந்த வழி வேண்டாம்.

அதற்கு ஏற்றது ஹைப்பர்லிங்க் ஃபார்முலா. முதல் பகுதியில் ஃபைல் இருக்கும் இடத்தையும், இரண்டாவதில் செல்லில் தெரிய வேண்டிய சொல்லையும் கொடுக்க வேண்டும். பில்லுக்கு வவுச்சர் எண்ணையே பெயராக வையுங்கள். பிறகு 'பில்கள்' என்ற ஃபோல்டர் பெயர், ஒரு பின்சாய்வுக் கோடு, வவுச்சர் எண் உள்ள செல், புள்ளியோடு பிடிஎஃப் என்ற நீட்சி, இவற்றை & குறியால் வரிசையாகக் கோத்துவிடுங்கள். ஒரு வரியில் எழுதிக் கீழே இழுத்தால் ஆண்டு முழுவதற்கும் லிங்க் தயார். ஃபோல்டரின் பெயர் மாறினால் ஃபார்முலாவில் ஒரு சொல்லை மாற்றி மறுபடி இழுத்தால் போதும்.

இதில் சில கண்ணிகள் உண்டு. 0147 என்று தட்டினால் எக்செல் அதை 147 ஆக்கிவிடும், பில் திறக்காது. வவுச்சர் எண் பத்தியை முன்கூட்டியே 'டெக்ஸ்ட்' வடிவத்துக்கு மாற்றி வையுங்கள். ஃபைல் பெயரில் # குறி கூடாது. முகவரி 255 எழுத்தைத் தாண்டினால் ஃபார்முலா ஏற்காது. ஃபைல் இல்லாவிட்டாலும் லிங்க் வழக்கம்போலவே தெரியும். கிளிக் செய்தால்தான் குட்டு வெளிப்படும். ஆகவே ஃபைல் பெயரிடுவதில் ஒழுங்கு இல்லாத அலுவலகத்துக்கு இந்த வழி சரிப்படாது. முதலில் பெயர்களைச் சீர்ப்படுத்துங்கள்.

அலுவலக நெட்வொர்க்கில் பில்கள் இருந்தால் 'இசட் டிரைவ்' என்று எழுதாதீர்கள். உங்கள் கணினியில் இசட்டாக இருப்பது பக்கத்து மேசையில் ஒய்யாக இருக்கலாம். இரண்டு பின்சாய்வுக் கோட்டில் தொடங்கி, சர்வர் பெயரோடு வரும் முகவரியே எல்லோருக்கும் பொது.

லிப்ரே ஆஃபீஸ் கால்க் பயன்படுத்துபவர்களுக்கும் கண்ட்ரோல், கே உண்டு. திறக்க கண்ட்ரோலை அழுத்தியபடி கிளிக் செய்ய வேண்டும்.

உறுப்பினர்கள் அவரவர் வீட்டிலிருந்து, கைப்பேசியில் பார்க்க வேண்டுமா? அப்போது கூகுள் ஷீட்ஸ்தான். ஆனால் உங்கள் கணினியில் உள்ள ஃபைலுக்கு அதில் லிங்க் வைத்துப் பயனில்லை. பில்களைக் கூகுள் டிரைவில் ஏற்றி அந்த லிங்க்கை ஒட்ட வேண்டும். டிரைவ் ஒவ்வொரு ஃபைலுக்கும் தனி அடையாளம் கொடுப்பதால் பெயரை மாற்றினாலும் வேறு ஃபோல்டருக்கு நகர்த்தினாலும் லிங்க் அறாது. இவ்வளவு உறுதி மற்ற வழிகளில் கிடையாது. ஒவ்வொரு லிங்க்கையும் ஒட்டும் உழைப்பு அதன் விலை. பார்க்கும் அனுமதியை யாருக்கெல்லாம் கொடுத்திருக்கிறோம் என்பதையும் கவனியுங்கள். பில்லில் பிளம்பரின் தொலைபேசி எண்ணும் வங்கிக் கணக்கும் இருக்கும்.

ஃபைலையே ஷீட்டுக்குள் பொதிந்துவிடும் 'ஆப்ஜெக்ட்' வசதியும் எக்செல்லில் உண்டு. ஓரிரு பில்லோடு ஒரே ஒரு மின்னஞ்சல் அனுப்ப அது நல்லது. நூறு பில்லைப் பொதிந்தால் ஷீட் கனத்துத் திறக்கவே திணறும்.

ஜிப் செய்து ஆடிட்டருக்கு அனுப்புவதானால் ஒரு வரி சேர்த்து எழுதுங்கள்: முதலில் முழுவதையும் பிரித்து ஒரு ஃபோல்டரில் போட்டுக்கொண்டு, பிறகு ஷீட்டைத் திறக்கச் சொல்லுங்கள். ஜிப்புக்குள்ளிருந்தே திறந்தால் ஷீட் மட்டும் தற்காலிக இடத்துக்குப் போகும். பில் ஒன்றுகூடத் திறக்காது.