சால்டரிங் அயர்ன் யார் கையில்?



ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு டீம் பிரிச்ச அன்னைக்கு நடந்ததை முதல்ல சொல்லிடறேன். நாங்க அஞ்சு பேர். மூணு பசங்க, ரெண்டு பொண்ணுங்க. வேலையைப் பிரிக்க பத்து நிமிஷம்கூட ஆகல. சர்க்யூட் ஒருத்தன், கோடிங் ஒருத்தன், பொருள் வாங்க வண்டி வச்சிருக்கிற ஒருத்தன். எனக்கும் என் தோழிக்கும் ரிப்போர்ட்டும் பிபிடியும். "உங்க ரெண்டு பேருக்கும் கையெழுத்து அழகா இருக்கும்ல" என்றான் ஒருத்தன். ரிப்போர்ட்டை டைப் பண்ணித்தான் கொடுக்கணும், அதுல கையெழுத்து எங்க வருதுன்னு கேட்க அப்போ எனக்குத் தோணவே இல்ல.

யாரும் கெட்ட எண்ணத்தோட செய்யல. அதான் பிரச்சினையே. பிளேஸ்மென்ட் இன்டர்வியூவில் "புராஜெக்ட்ல நீங்க என்ன பண்ணீங்க?" என்று கேட்கும்போது "டாக்குமென்டேஷன் சார்" என்று ஒரு பொண்ணு சொன்னால், அடுத்த கேள்வி எப்படிப் போகும் என்று உங்களுக்கே தெரியும். தொழில்நுட்பத் துறையில் பெண்கள் ஏன் மேல வரலன்னு பெரிய பெரிய கூட்டத்துல பேசுறாங்க. அதில் ஒரு பங்கு இந்த லேப் மேஜையில்தான் ஆரம்பிக்குதுன்னு நான் நினைக்கிறேன்.

கிண்டியில் 1940

தமிழ்நாட்டில் இந்தக் கதை தொடங்குற இடம் கிண்டி பொறியியல் கல்லூரி. 1919-ல் சென்னையில் பிறந்தவர் அய்யலசோமயாஜுல லலிதா. 15 வயதில் கல்யாணம், 18 வயதில் கணவர் இறந்துட்டார். கையில் நாலு மாசப் பெண் குழந்தை. அந்தக் காலத்துல ஒரு விதவைப் பெண்ணுக்கு வீடு என்ன வச்சிருக்கும்னு நம்ம பாட்டிகளைக் கேட்டால் சொல்லுவாங்க. இவர் மின் பொறியியல் படிக்கணும்னு முடிவெடுத்தார்.

அப்பா பப்பு சுப்பாராவ் அதே கல்லூரியில் மின் பொறியியல் பேராசிரியர். முதல்வர் கே. சி. சாக்கோவிடமும் கல்வித்துறை இயக்குநரிடமும் பேசி அனுமதி வாங்கினார். "அப்பா அங்கேயே வாத்தியார், அப்புறம் என்ன?" என்று நீங்க கேட்கலாம். நானும் கேட்டேன். ஆனா, அவர் அடுத்து செய்ததுதான் எனக்கு முக்கியமாப் படுது. மகளுக்கு மட்டும் சீட் வாங்கிட்டு நிறுத்திக்கல. பசங்க நூத்துக்கணக்குல இருக்கிற கல்லூரியில் ஒரே ஒரு பெண்ணாக ஹாஸ்டலில் இருப்பது எவ்வளவு தனிமைன்னு அவருக்குப் புரிஞ்சுது. இங்கே பெண்களும் சேரலாம் என்று விளம்பரம் செய்யவைத்தார். லீலம்மா ஜார்ஜ், பி. கே. திரேசியா இருவரும் சிவில் பிரிவில் சேர்ந்தார்கள். அவர்கள் லலிதாவுக்கு ஒரு வருஷம் ஜூனியர். ஆனாலும் போர்க்காலத்தில் படிப்பைச் சுருக்கியதால் மூணு பேரும் 1943-ல் ஒன்றாகவே முடித்தார்கள். பட்டச் சான்றிதழில் ஆண்பாலில் அச்சடித்திருந்த சொல்லை அடித்துவிட்டுப் பெண்பாலில் கையால் எழுதிக் கொடுத்தார்கள். படிவம் அடிச்சவங்க இப்படி ஒரு நாள் வரும்னு நினைச்சே பார்க்கல!

லலிதா ஜமால்பூர் ரயில்வே பட்டறையில் பயிற்சி எடுத்தார், சிம்லாவில் வேலை பார்த்தார், பிறகு கல்கத்தாவில் அசோசியேட்டட் எலக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ் கம்பெனியில் சேர்ந்தார். மின்கடத்தல் பாதை வடிவமைப்பு, துணைமின் நிலைய அமைப்பு என்று அசல் பொறியியல் வேலை. பக்ரா நங்கல் அணைத் திட்டத்துக்கான மின் சாதனங்களிலும் அவருடைய உழைப்பு உண்டு. 1964-ல் நியூயார்க்கில் நடந்த முதல் சர்வதேசப் பெண் பொறியாளர், விஞ்ஞானிகள் மாநாட்டுக்குப் போனார். கூடப் படிச்ச திரேசியா 1971-ல் கேரளப் பொதுப்பணித் துறையின் தலைமைப் பொறியாளர் ஆனார்.

இதில் பலரும் தாண்டிப் போயிடற ஒரு விவரம் இருக்கு. கல்கத்தாவில் லலிதா அண்ணன் தம்பி குடும்பத்தோடு இருந்தார். வேலைக்குப் போற நேரத்துல பொண்ணைப் பார்த்துக்கிட்டது சகோதரரின் மனைவி. அந்த அம்மா பேரை எந்தப் பட்டியலிலும் போடறதில்ல. அவங்க இல்லன்னா அணைக்குக் கரண்ட் வேலை எப்படி நடந்திருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

"ஸ்டீவ்" என்று கையெழுத்து போட்டவர்

குழந்தையைப் பார்த்துக்கொள்வதை வீட்டுக்கு வீடு தனித்தனியாச் சமாளிக்காம, கம்பெனியின் அமைப்பாகவே ஒருத்தர் மாத்தினார். இங்கிலாந்தில் ஸ்டெபனி ஷெர்லி 1962-ல் ஒரு மென்பொருள் கம்பெனி ஆரம்பித்தார். குழந்தை பிறந்ததும் வேலையை விட்ட பெண் புரோகிராமர்களைத் தேடிப் பிடித்து, வீட்டில் இருந்தே, முடிந்த நேரத்தில் வேலை செய்யச் சொன்னார். ஒர்க் ஃபிரம் ஹோம் கொரோனாவில் பிறந்ததுன்னு நினைக்கிறவங்க கவனிக்கவும். கான்கார்ட் விமானத்தின் கருப்புப் பெட்டிக்கான நிரல்கூட இவர்கள் எழுதியதுதான். முதல் 300 பேரில் ஆண்கள் மூணே பேர். வாய்ப்பு கேட்டு எழுதிய கடிதங்களுக்குப் பதிலே வராததால், பெயரை "ஸ்டீவ்" என்று போட ஆரம்பித்தார், பதில் வந்தது. 1975-ல் அங்கே பாலினப் பாகுபாட்டுத் தடைச் சட்டம் வந்தபோது, பெண்களை மட்டும் எடுக்கும் இவருடைய கொள்கையும் சட்டத்துக்குப் புறம்பாச்சு. சட்டம் ரெண்டு பக்கமும் வெட்டும்.

நம்ம நாட்டுச் சட்டத்தைப் பத்தி ரெண்டே வரி, ஆஃபர் லெட்டர் வாங்குற முன்னாடி தெரிஞ்சிருக்கணும்: 2017 திருத்தத்துக்குப் பிறகு முதல் ரெண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் சம்பளத்தோடு மகப்பேறு விடுப்பு; 50 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில் குழந்தைகள் காப்பக வசதி வேண்டும். 10 பேர் வேலை செய்யும் இடத்தில்கூட பாலியல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும், 2013 சட்டப்படி.

உப்பளத்தில் எங்க பெட்டி

சரி, எங்க புராஜெக்ட்டுக்கு வருவோம். எனக்குச் சொந்த ஊர் கிளியனூர், திண்டிவனம் - புதுச்சேரி ரோட்டுல. கடல் பக்கம் போனா மரக்காணம் உப்பளம். உப்புத்தண்ணியோட அடர்த்தியை அளக்கிற கருவிதான் எங்க தலைப்பு. கடல்நீர் பாமே அளவுகோலில் சுமார் 3 டிகிரி. வெயிலில் வற்றி 25 டிகிரியைத் தொடும்போது உப்பு படிய ஆரம்பிக்கும். 29, 30-க்கு மேல விட்டா மக்னீசிய உப்பும் கலந்து கசக்கும். ஒரு குண்டை லோடு செல்லில் தொங்கவிட்டுத் தண்ணிக்குள் முக்கினால், எடை எவ்வளவு குறையுதுன்னு பார்த்து அடர்த்தியைக் கண்டுபிடிக்கலாம். ஆர்க்கிமிடீஸ்தான். 100 கன செ.மீ. குண்டுக்கு 3 டிகிரிக்கும் 25 டிகிரிக்கும் நடுவில் வித்தியாசம் சுமார் 19 கிராம்.

லேப்ல பிரமாதமா வேலை செஞ்சுது. ரிப்போர்ட்டில் "பயனாளர் கருத்து"ன்னு ஒரு பகுதி வேணும் என்பதால், நானும் தோழியும் மட்டும் உப்பளத்துக்குப் போனோம். எங்க அத்தை அங்கே உப்பு சுமக்கிறாங்க. வெயில் ஏறும் முன்னாடி, விடியற்காலையிலேயே வேலை. தலையில் சும்மாடு, அதுமேல கூடை. பெட்டியைக் காட்டினேன். அத்தை நின்னு பார்த்துட்டு, "ஏம்மா, ரெண்டு கையும் கூடையில இருக்கு. பட்டனை எதால அமுக்கறது?"ன்னு கேட்டாங்க.

பட்டன் மட்டும் இல்ல. திரையில் எழுத்து முழுக்க இங்கிலீஷ். வெள்ளை உப்புமேல அடிக்கிற வெயிலில் அந்த எழுத்தும் தெரியல. கொட்டகையில உட்கார்ந்து கணக்கு எழுதுறவருக்கு ஏத்த மாதிரி செஞ்சிருக்கோம். வரப்பு மேல நாள் முழுக்க நடந்து, எந்தப் பாத்தி தயாராச்சுன்னு முதல்ல பார்க்கிறவங்களை எங்க அஞ்சு பேர்ல யாருமே நினைக்கல. நான் உட்பட.

இது நம்ம அளவுல மட்டும் நடக்குறது இல்ல. 2018-ல் ஜாய் புவோலம்வினி, டிம்னிட் கெப்ரு இருவரும் முகம் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்லும் வணிக மென்பொருள்களைச் சோதித்தார்கள். வெள்ளைத்தோல் ஆண்களிடம் பிழை அதிகபட்சம் 0.8 சதவீதம்; கருந்தோல் பெண்களிடம் 34.7 சதவீதம் வரை. சோதனைக்கு எடுத்த முகங்கள் யாருடையவை என்பதுதான் விஷயம்.

திரும்பி வந்து டீம்ல சண்டை போட்டேன்னு சொல்லணும்னு ஆசை. உண்மையில் தயங்கித் தயங்கித்தான் பேசினேன். "அத்தை சொன்னது சரிதான், அப்போ நீயே மாத்து" என்றான் சர்க்யூட் பார்த்தவன். கொஞ்சம் கோபமாத்தான் சொன்னான். அதுல இருந்து ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை எல்லார் வேலையும் மாறும்னு ஆச்சு. முதல் நாளே ஹெச்எக்ஸ்711 போர்டுக்கு 12 வோல்ட் கொடுத்துப் புகைய விட்டேன். யாரும் சிரிக்கலன்னு பொய் சொல்ல மாட்டேன். ரிப்போர்ட் எழுத உட்கார்ந்த கோடிங் நண்பன் மூணாவது நாள், "இதை எப்படி ஒரே ராத்திரியில எழுதினீங்க?"ன்னு கேட்டான்.

இப்போ பெட்டியில பட்டன் கிடையாது. பாத்தி 25 டிகிரியைத் தாண்டினா பஸ்ஸர் தானா அடிக்கும். வர்ற ஞாயிற்றுக்கிழமை அஞ்சு பேரும் மரக்காணம் போறோம். அஞ்சு மணிக்கு முன்னாடியே வந்துடணும்னு அத்தை சொல்லியிருக்காங்க. வண்டி வச்சிருக்கிறவன்தான் அலாரம் வைக்கணும்.