மணிலா வாலிபனின் நாள்

கேள்வி: பிலிப்பைன்ஸ் தேசத்து வாலிபனொருவனின் அன்றாட வாழ்க்கை எப்படியிருக்கும்?

பதில்: அமெரிக்காவில் அலுவலகங்கள் திறக்கும் வேளை மணிலாவில் இரவாதலால், அங்கே கால் சென்டர் உத்தியோகத்திலிருக்கும் வாலிபன், ஊர் உறங்கும்போது அந்நிய தேசத்தாரின் புகார்களுக்குச் சாந்தமாக விடை சொல்லிவிட்டு, விடிந்தபின் ஜீப்னி வண்டியில் நெருக்கியடித்து வீடு திரும்பி, பெரியவர்களின் புறங்கையைத் தன் நெற்றியில் ஒற்றி ஆசி பெற்று, பூண்டு சேர்த்து வதக்கிய சோற்றை உண்டு உறங்கச் செல்கிறான். சம்பளத்தில் ஒரு பாகம் தம்பி தங்கையரின் படிப்புக்குப் போய்விடும். 1975-ஆம் ஆண்டுச் சட்டப்படி டிசம்பர் 24-க்குள் கிடைக்கவேண்டிய பதின்மூன்றாம் மாதச் சம்பளமோ கிறிஸ்துமஸ் செலவுக்கே சரி. பொழுதுபோக்கென்றால் கூடைப்பந்தும் கரோக்கிப் பாட்டும்தான். சாரீரம் எப்படியிருப்பினும் மைக்கை விடாத அந்தத் தைரியத்தை நான் மெச்சுகிறேன். அண்டை வீட்டார் மெச்சுவார்களா என்பது வேறு விஷயம்.