பெல்லட் அடுப்பு வாங்குமுன்

கனடாவிலோ ஐரோப்பாவிலோ எண்ணெயில் வீட்டைச் சூடாக்கிக் கட்டுப்படியாகவில்லையா? பெல்லட் அடுப்பை யோசிக்கலாம். மரத்தூளை அழுத்திச் செய்த சிறு குச்சிகள்தாம் பெல்லட். இரண்டு கிலோ பெல்லட், ஏறக்குறைய ஒரு லிட்டர் எண்ணெயின் வெப்பத்தைத் தரும். இதை வைத்து உங்கள் ஊர் விலைகளை ஒப்பிட்டுவிட்டு முடிவெடுங்கள்.

மூட்டையின் அடியில் தூள் நிறையத் தங்கினால் அந்த வகை வேண்டாம். ஐரோப்பாவில் ‘ஈஎன் பிளஸ் ஏ1’ முத்திரை பார்த்து வாங்குங்கள். அதில் ஈரம் 10 சதவீதத்தைத் தாண்டாது. நீர் பட்டால் பெல்லட் உப்பி உதிர்ந்துவிடும். மூட்டைகளைத் தரையில் போடாமல் பலகைமேல் அடுக்குங்கள்.

கடைக்காரர் சொல்லாமல் விடக்கூடிய ஒன்று: பெல்லட்டைத் தள்ளும் திருகுதண்டும் விசிறியும் மின்சாரத்தில் ஓடுபவை. மின்சாரம் போனால் பெரும்பாலான அடுப்புகள் அணைந்துவிடும். பனிப்புயலில் அடிக்கடி மின்தடை வரும் ஊருக்கு விறகடுப்பே மேல் என்பேன். விறகின் ஈரம் 20 சதவீதத்துக்குள் இருக்கட்டும். பச்சை விறகு சூட்டைக் குறைப்பதோடு, புகைபோக்கியில் தீப்பிடிக்கும் கரிப்பிசினையும் படியவிடும். ஆண்டுக்கொருமுறை புகைபோக்கியைத் துப்புரவு செய்யுங்கள்.

எந்த அடுப்பானாலும் கார்பன் மோனாக்சைடு அலாரம் பொருத்தாமல் ஒருநாள்கூட எரிக்காதீர்கள். அந்த வாயுவுக்கு மணமே கிடையாது.