கண்ணுக்கும் செவிக்கும் ஒரே காலம்

நுழையும்முன்
திரையில் தவிலின்மீது கோல் படும் கணத்திலேயே முழக்கம் கேட்க வேண்டும். சற்றே பிந்தினாலும் காட்சி பொய்யாகத் தோன்றும். தனித்தனியே பதிந்த படத்தையும் ஒலியையும் ஒன்றுசேர்க்கும் நுட்பத்தை இப்பாடம் விளக்குகிறது.

மீண்டும் வாராக் கணம்
காரைக்காலில் ஆனித் திங்கள் பௌர்ணமியையொட்டி மாங்கனித் திருவிழா நடைபெறுகிறது. பிச்சாண்டவர் வீதியுலா வருகையில் மக்கள் மாடிகளிலிருந்து மாங்கனிகளை வாரி இறைக்கின்றனர். இதனை ஆவணப்படமாக்க மாடியில் ஒரு கேமரா, வீதியில் ஒரு கேமரா, நாகசுரக் குழுவினர் அருகே ஓர் ஒலிப்பதிவுக் கருவி என மூன்றேனும் வேண்டும்.

படப்பிடிப்புத் தளத்தில் கிளாப் பலகையைத் தட்டி, அது மூடும் காட்சியையும் ஓசையையும் பொருத்துவர். நெரிசல் மிகுந்த வீதியில் அப்பலகை எல்லாக் கேமராக்களுக்கும் தெரியாது. தவறிய கணத்திற்காக உலாவை மீண்டும் நடத்தச் சொல்லவும் இயலாது. அடுத்த ஆனிவரை காத்திருக்க வேண்டும்.

நேரக்குறி
இவ்விடரைத் தீர்ப்பது டைம்கோடு எனப்படும் நேரக்குறி. 10:42:15:08 என்பது மணி, நிமிடம், நொடி, பிரேம் ஆகியவற்றைக் குறிக்கும். நொடிக்கு 25 பிரேம் எனில், ஒரு பிரேமின் காலம் 0.04 நொடி. ஒரே குறியுடைய படமும் ஒலியும் படத்தொகுப்பில் தாமே இணையும்.

கம்பியில்லா இணைப்பு
முதலில் எல்லாக் கருவிகளிலும் ஒரே பிரேம் வேகத்தை அமைக்க வேண்டும். பின்னர் ஒவ்வொன்றிலும் சிறு நேரக்குறிப் பெட்டியைப் பொருத்தி, ஒன்றைத் தலைமைக் கடிகாரமாக்க வேண்டும். நாகசுரக் குழுவில் தாளம் போடுபவரைப் பிறர் பின்பற்றுவதுபோல, ஏனைய பெட்டிகள் வானலை வழியே அதன் நேரத்தைப் பெறும். நேரக்குறியை ஏற்கும் வாயில் இல்லாத கேமராவில், அக்குறியை ஓர் ஒலித்தடத்தில் பதியலாம். உலா தொடங்குமுன் ஒருமுறை கைதட்டிப் பதிந்து சரிபார்த்தல் நலம்.

கருவிகளின் கடிகாரங்கள் முற்றிலும் ஒத்து ஓடுவதில்லை. இரண்டிற்கும் இடையே பத்து இலட்சத்தில் 20 பங்கு வேறுபாடு இருப்பின், 2000 நொடியில், அதாவது ஏறத்தாழ 33 நிமிடத்தில், ஒரு பிரேம் விலகும். வானலைத் தொடர்பு இவ்விலகலை அவ்வப்போது திருத்துகிறது. கூட்டத்தில் அத்தொடர்பு அறுந்தாலும், பெட்டி தன் படிகக் கடிகாரத்தால் எண்ணிக்கையைத் தொடரும்.

தெரிந்து தெளிவோம்
காற்றில் ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்லும். எனவே 14 மீட்டர் தொலைவிலுள்ள மைக்கை ஒலி அடைய ஒரு பிரேம் காலமாகும். இத்தாமதத்தை நேரக்குறி நீக்காது. மைக்கை இசைக்கு அருகில் வைப்பதே வழி.

கற்பவை கற்றபின்
நொடிக்கு 24 பிரேம் எனில், ஒரு பிரேமின் காலத்தைக் கணக்கிடுக. உம் ஊர்த் திருவிழாவைப் பதிவுசெய்யக் கேமராக்களையும் மைக்கையும் எங்கெங்கு வைப்பீர் எனப் படம் வரைந்து விளக்குக.