சீக்கோவுக்குத் தமிழ் டயல்



கரடிப்போக்குப் பக்கமிருந்து நீர் எழுதிய கடிதம் கிடைத்தது. அப்பா கட்டாரிலிருந்து கொண்டுவந்த சீக்கோ 5 மணிக்கூட்டின் டயல் மங்கிப்போய்விட்டது, தமிழ் இலக்கம் போட்ட டயல் ஒன்றை அதற்குப் பூட்டலாமா என்று கேட்டிருக்கிறீர். "ஓடுற மணிக்கூட்டை ஏன் நோண்டுறாய்" என்று வீட்டில் பேச்சு விழுவதையும் எழுதியிருக்கிறீர். பூட்டலாம். ஆனால் அப்பாவின் மணிக்கூட்டில் எதையும் வெட்டாமல், சுரண்டாமல், நாளைக்கே பழைய டயலைத் திரும்பப் போடக்கூடிய விதமாகப் பூட்ட வேண்டும்.

வீட்டுப் பெரியவர்களின் பயத்தை நான் லேசாக எடுக்கமாட்டேன். தொண்ணூறுகளில் வடக்குக்குப் போட்ட பொருளாதாரத் தடைப் பட்டியலில் பற்றரியும் இருந்தது. சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட காலம் அது. பற்றரி மணிக்கூடுகள் ஒவ்வொன்றாக நின்றுபோக, கையை ஆட்டினால் ஓடுகிற சீக்கோவும் சாவி கொடுத்தால் ஓடுகிற பழைய மணிக்கூடுகளும்தான் நேரம் காட்டின. அந்த நேரமும் வன்னிக்கென்று தனியாக இருந்தது. 1996 மே மாதம், வறட்சியால் மின்சாரம் போதாமல், அரசு நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்தள்ளியது. ஒக்ரோபரில் அரை மணித்தியாலத்தைத் திருப்பிக் கொடுத்தது. புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் இரண்டையும் ஏற்கவில்லை. மின்கம்பியே எட்டாத ஊர், மின்சாரம் மிச்சம்பிடிக்க ஏன் முள்ளைத் திருப்ப வேண்டும்? 2002 ஏப்ரிலில் ஏ9 வீதி திறந்தபோது, வவுனியாவிலிருந்து ஓமந்தையைத் தாண்டியதும் மணிக்கூடு அரை மணித்தியாலம் பின்னுக்குப் போனது. 2006 ஏப்ரில் 15இல் நாடே பழைய நேரத்துக்குத் திரும்பிவந்தது. அப்படிப்பட்ட காலத்தைக் கடந்தவர்கள் ஓடுகிற மணிக்கூட்டைத் தொட விடமாட்டார்கள்தான்.

இனி வேலைக்கு வருவோம். மணிக்கூட்டைக் கவிழ்த்துப் பின்மூடியைப் பாரும். நடுவில் கோடு போட்ட ஓர் இலக்கம் இருக்கும். கோட்டுக்கு முன்னால் இருப்பது இயந்திரத்தின் இலக்கம், பின்னால் இருப்பது கூட்டின் இலக்கம். 7எஸ்26 என்றிருந்தால் உமக்கு வேலை சுலபம். அதற்கும் அதன் வழிவந்த என்.எச்.35, என்.எச்.36 இயந்திரங்களுக்கும் உலகம் முழுக்க மாற்று டயல் செய்து விற்கிறார்கள். பெரும்பாலும் விட்டம் 28.5 மில்லிமீற்றர். உம்முடையதைக் கழற்றி அளக்காமல் காசு அனுப்பாதேயும், சில கூடுகளுக்கு அளவு வேறு. 7009 போன்ற பழைய இயந்திரம் என்றால், புது டயல் தேடுவதைவிடப் பழுதான இன்னொரு மணிக்கூட்டிலிருந்து நல்ல டயலை எடுப்பதே நடக்கிற காரியம்.

டயலின் முதுகில் ஊசிபோல இரண்டு கால்கள் இருக்கும். சாவி 3 மணிக்கு நேரே இருந்தால் அவற்றுக்கு ஓர் இடம், 4 மணிப் பக்கம் சரிந்திருந்தால் வேறிடம். கடைச் சரக்கில் சிலவற்றுக்கு நான்கு கால் வைத்திருப்பார்கள், உமக்கு வேண்டாத இரண்டை நறுக்கிக்கொள்ளலாம். கால்களையெல்லாம் வெட்டிவிட்டுப் பசையால் ஒட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் மணிக்கூட்டை வாங்கிக்கொண்டு வெளியே வாரும். முள்ளுக் கழற்றும்போது டயலின்மேல் மெல்லிய பிளாஸ்ரிக் தாள் விரிக்காதவரிடமும் கொடுக்கவேண்டாம். வீட்டிலேயே செய்யப்போகிறீர் என்றால், மேசையை ஈரத்துணியால் துடைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்காரும். நம்முடைய செம்மண் புழுதி ஒரு துகள் உள்ளே போனாலும் கண்ணாடிக்குக் கீழே அதுதான் முதலில் கண்ணில் படும்.

எல்லோரும் பிழைவிடுகிற இடம் முள்ளுப் பூட்டுவது. டயலைப் போட்டதும் முள் இல்லாமலே சாவியைச் சுழற்றி, திகதி மாறி முடிகிற இடத்தில் நிறுத்த வேண்டும். இயந்திரத்துக்கு அதுதான் நள்ளிரவு. மணி முள்ளையும் நிமிட முள்ளையும் அங்கேயே 12க்கு நேரே வைத்து மெல்ல அழுத்த வேண்டும். இதைக் கவனிக்காமல் பூட்டினால் மாலை ஏழு மணிக்கே நாளைய திகதி வந்து நிற்கும். இன்னொன்று, இரவு 9 முதல் காலை 4 வரை திகதியைக் கையால் மாற்றாதேயும். அந்த நேரத்தில் சில்லின் பற்கள் ஒன்றோடொன்று கவ்விக்கொண்டிருக்கும்.

தமிழ் இலக்கம் பற்றி. இந்தியாவின் எச்.எம்.டி. நிறுவனம் தன்னுடைய ஜனதா மணிக்கூட்டில் தேவநாகரி இலக்கம் போட்டு விற்றிருக்கிறது. மொரிசியஸ் பணத்தாளில் இன்றைக்கும் தமிழ் இலக்கம் இருக்கிறது. ஆகவே உம்முடைய ஆசை ஒன்றும் விசித்திரமில்லை. "யாருக்கும் வாசிக்கத் தெரியாதே" என்ற கவலையும் வேண்டாம். கையைத் திருப்பினால் நாம் பார்ப்பது முள்ளின் சாய்வை, இலக்கத்தை அல்ல. இலக்கமே இல்லாத டயலில்கூட நேரம் தெரிகிறதே. உண்மையான சிக்கல் வேறு. உம்முடைய மணிக்கூட்டில் 3 இருக்கவேண்டிய இடத்தில் கிழமையும் திகதியும் காட்டும் யன்னல் இருக்கிறது, ஆகவே ௩ போட முடியாது. பன்னிரண்டையும் திணித்தால் ௰௧, ௰௨ இரண்டும் பக்கத்தில் நிற்பவற்றை நெருக்கும், சின்ன அச்சில் ௧வும் ௪வும் கலங்கித் தெரியும். ௬, ௯, ௰௨ மூன்றை மட்டும் தடித்த எழுத்தில் போட்டு, மற்ற இடங்களுக்குக் கோடு வைக்க டயல் செய்பவரிடம் சொல்லும். பின்புலம் மினுங்காத கறுப்பாக இருக்கட்டும், நம்முடைய வெயிலுக்கு மினுமினுப்பு டயல் கண்ணைக் குத்தும். புது டயலின் யன்னல் இரட்டை அகலமாக இருக்கிறதா என்று பாரும், திகதிக்கு மட்டும் வெட்டிய டயலை வாங்கினால் கிழமை மறைந்துபோகும். கிழமைச் சில்லில் ஆங்கிலத்தோடு அரபும் இருக்கும், வளைகுடாவில் விற்றவற்றில் அது வழக்கம். அது கிடக்கட்டும். தமிழ் இலக்கத்துக்குப் பக்கத்தில் அரபுக் கிழமை இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது.

பழைய டயலுக்கே மேல் வர்ணம் பூசித் தருகிறோம் என்பார்கள். சம்மதிக்காதேயும். எச்.எம்.டி.யின் மணிக்கூட்டுப் பிரிவை மூட 2016இல் முடிவானபின் பழைய டயல்களைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று பூசிப் புதுசுபோல விற்கிற வியாபாரம் பெருகிவிட்டது. கிட்டப் பார்த்தால் எழுத்து தடித்து, கோடுகள் இடம் மாறி நிற்கும். அதை யாராலும் பழைய நிலைக்குக் கொண்டுவர முடியாது. மங்கியிருந்தாலும் அப்பாவின் டயல் தொழிற்சாலையில் அச்சிட்டது. வேலை முடிந்ததும் அதைச் சின்ன டப்பி ஒன்றில் போட்டு, கால் வளையாமல் பஞ்சு வைத்துத் தரச் சொல்லும். "இது எதுக்குத் தம்பி" என்று கடைக்காரர் கேட்பார். கேட்கட்டும், வாங்காமல் எழும்பாதேயும்.

அன்புடன்,
வவுனியாவிலிருந்து