மாட்டின் நிறமும் சந்தையின் விருப்பமும்

தில்லி மக்கள் எருமைப்பாலை மிகுதியாகப் பருகுகின்றனர். பால் தரும் எருமைகளுள் புகழ்பெற்றது முர்ரா இனம். அண்டை மாநிலமான அரியானாவின் ரோத்தக், ஹிசார் பகுதிகள் அதன் தாயகம். மை போன்ற கருநிறமும் சுருண்ட கொம்பும் அதன் அடையாளங்கள். வாங்குவோர் இவ்விரண்டையும் கூர்ந்து நோக்குவர்.

தமிழ்நாட்டின் கொங்குப் பகுதியிலும் மாடு வாங்குவோர் நிறம் பார்ப்பதுண்டு. அங்குள்ள காங்கேயம் மாடுகளை நிறத்தைக்கொண்டே மயிலை, காரி, செவலை என அழைப்பர். வெண்சாம்பல் நிறமுடையது மயிலை, கருமை மிக்கது காரி, செந்நிறமுடையது செவலை. காங்கேயம் அருகே கண்ணபுரத்தில் கோவில் திருவிழாவையொட்டி இம்மாடுகளுக்கான பெரிய சந்தை கூடும்.

ஆயினும், நிறத்தை மட்டும் நம்பினால் ஏமாற நேரும். காங்கேயம் கன்று பிறக்கும்போது செந்நிறமாக இருக்கும். ஏறத்தாழ ஆறு மாதத்தில் அந்நிறம் சாம்பலாக மாறும். வளர்ந்த பொலிகாளைக்குத் தலை, கழுத்து, திமில் ஆகியன கருக்கும். வண்டி இழுக்கும் எருதோ வெளிர்சாம்பலாக இருக்கும். இம்மூன்றையும் ஒருங்கே காணும் புதியவர், மூன்று வேறு இனங்கள் என எண்ணக்கூடும்.

ஆகவே, பட்டறிவுடைய உழவர் நிறத்தோடு நிறுத்துவதில்லை. பல்லைப் பார்த்து வயதை அறிவர். நடக்கவிட்டுக் காலின் உறுதியை அறிவர். பசுவாயின் கறந்து பார்த்துப் பாலின் அளவை அறிவர். நிறம் இனத்தைக் காட்டும் ஓர் அடையாளமே. அது பாலையும் வலிமையையும் அளக்கும் கோலன்று.

சந்தையின் விருப்பம் ஓர் இனத்தின் வாழ்வையே மாற்ற வல்லது. டிராக்டர் வந்தபின் உழவு எருதுகளின் தேவை குறைந்தது. மிகுதியாகப் பால் தரும் ஜெர்சி கலப்பினப் பசுக்களை மக்கள் நாடினர். வெயிலையும் வறட்சியையும் தாங்கி, எளிய தீவனத்தில் வாழும் காங்கேயம் மாடுகளோ எண்ணிக்கையில் குறைந்தன. வாங்குவோர் விரும்பாததை வளர்ப்போர் நெடுநாள் வளர்க்க இயலாது; வளர்ப்போர் கைவிட்ட இனத்தை மீட்பது அரிது.

சொற்பொருள்
திமில் – காளையின் முதுகில் உயர்ந்துள்ள சதை
பொலிகாளை – இனப்பெருக்கத்திற்கு வளர்க்கும் காளை
பட்டறிவு – அனுபவ அறிவு

பயிற்சி
1. காங்கேயம் கன்றின் நிறம் எவ்வாறு மாறுகிறது?
2. உழவர் மாட்டின் பல்லைப் பார்ப்பது ஏன்?
3. “தானமாய் வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே” என்னும் பழமொழியின் பொருளை எழுதுக.
4. சொந்த ஊரில் மாடுகளை எந்நிறப் பெயர்களால் அழைப்பர் எனத் தாத்தா, பாட்டியிடம் கேட்டு எழுதுக.