மூங்கில் வாணம் முதல் வான்கோள் வரை: வியாபாரிகளுக்கு ஒரு பாடம்



கிளேபாங் கடற்கரையில் கணவாய் பிடிப்போரைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கணவாய் தண்ணீரை ஒரு பக்கம் பீய்ச்சி, தான் மறுபக்கம் பாய்கிறது. ராக்கெட்டின் தத்துவமும் இதுவே. மருந்து எரிந்து புகை ஒரு பக்கம் சீறினால், குழல் மறுபக்கம் பாயும். இது நம் மகன் நமக்குச் சொல்லித் தந்தது. அவன் ஐந்தாம் படிவம் முடித்தவன். “வாப்பா, மேலே பௌதிகம் படிக்கிறேன்” என்றான். “கடையை யார் பார்ப்பது?” என்று கேட்டு அவன் வாயை அடைத்தோம். அதன்பின் ராக்கெட்டின் வரலாற்றை விசாரித்தோம். அறிந்ததை இங்கே எழுதுகிறோம்.

வாண வேடிக்கை சீனத்திலும் இந்தியாவிலும் பழையது. காகிதக் குழலில் அடைத்த மருந்து அதிக வேகம் தராது. அழுத்தம் கூடினால் குழல் கிழிந்துவிடும். மைசூரை ஆண்ட ஹைதர் அலீயும் அவர் மகன் திப்பு சுல்தானும் இரும்புக் குழலில் கரிமருந்தை இறுக அடைத்து, நீண்ட மூங்கிலில் கட்டி ஏவச் செய்தார்கள். இரும்பு அழுத்தத்தைத் தாங்கியதால் வாணம் ஒரு கிலோமீட்டருக்கு மேலும் பாய்ந்தது. 1780 செப்டம்பர் 10-ல் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் கர்னல் பெய்லியின் கும்பினிப் படை தோற்றுச் சரணடைந்தது. அப்போரில் இந்த வாணங்களும் சீறின.

1799 மே 4-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. சுல்தானும் போர்க்களத்தில் மாண்டார். மிஞ்சிய வாணங்கள் இங்கிலாந்தின் உல்விச்சுக்குப் போயின. அங்கே வில்லியம் காங்கிரீவ் என்பவர் அவற்றை ஆராய்ந்து, திருத்தி, 1806-ல் பிரான்சின் பூலோன் துறைமுகத்தின் மீது ஏவச் செய்தார். சரக்கு மைசூருடையது. அதை நிறுத்துப் பார்த்து, சோதித்து, மேலும் வளர்த்தவர்கள் வென்றவர்கள். மைசூரிலோ அரசோடு பட்டறையும் போயிற்று. 2018-ல் கர்நாடகத்து நகரா என்னும் ஊரில், தூர்ந்த கிணறு ஒன்றிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட இரும்பு வாணங்களைத் தோண்டி எடுத்தார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாகக் கிணற்றில் கிடந்த கைமுதல் அது!

பிற்காலத்தில் ஜெர்மானியர் வி-2 என்னும் ஏவுகணையைச் செய்து, 1944-ல் லண்டன் நகரத்தின் மீது வீசினர். 1957 அக்டோபர் 4-ல் ரஷ்யர் ஸ்புட்னிக்கை வானில் ஏற்றியதும், அணுகுண்டு சுமக்கவென்று செய்த ராக்கெட்டால்தான். கருவி ஒன்றே, குண்டை வைத்தால் ஏவுகணை, கோளை வைத்தால் வான்கலம்.

இனி நம்மவர் கதைக்கு வருவோம். இராமேசுவரத்துப் படகுக்காரர் ஜைனுலாப்தீன் அவர்களின் மகன் அப்துல் கலாம், 1931-ல் பிறந்தவர். சென்னையில் பொறியியல் படிக்க இடம் கிடைத்தபோது கட்டணத்துக்குப் பணமில்லை. மூத்த சகோதரி ஜொஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துக் கொடுத்தார். அந்தக் கலாம் பயிற்சிக்காக அமெரிக்கா சென்றபோது, வாலப்ஸ் தீவு ராக்கெட்டுத் தளத்தின் சுவரில் ஓர் ஓவியத்தைக் கண்டார். அதில் வாணம் ஏவிக்கொண்டிருந்தவர்கள் திப்புவின் வீரர்கள். சொந்த மண்ணில் மறந்துபோனதை அந்நிய நாட்டார் சுவரில் மாட்டி வைத்திருந்தார்கள்.

1963 நவம்பர் 21-ல் கேரளத்துத் தும்பாவிலிருந்து இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட்டு கிளம்பியது. அது அமெரிக்கச் சரக்கு. பின்பு கலாமின் தலைமையில் எஸ்.எல்.வி.-3 உருவாயிற்று. 17 டன் எடை, நான்கு அடுக்கு. ஏற்ற வேண்டிய கோளோ சுமார் 35 கிலோ, ஓர் அரிசி மூட்டைக்கும் குறைவு! ஆனால் கோள் கீழே விழாமல் பூமியைச் சுற்ற, நொடிக்கு ஏறக்குறைய 8 கிலோமீட்டர் வேகம் வேண்டும். ஆகவே எரிந்து தீர்ந்த அடுக்கைக் கழற்றி எறிந்து, பாரம் குறைத்துக்கொண்டே போக வேண்டியிருக்கிறது.

1979 ஆகஸ்டு 10-ல் முதன்முறை ஏவியபோது, 317 நொடியில் அது கடலில் விழுந்தது. ஓர் அடைப்பான் சரியாக மூடாமல், இரண்டாம் அடுக்கைத் திருப்பும் கருவிக்கான அமிலம் கசிந்து போயிருந்தது. எண்ணெய்ப் பீப்பாயின் குழாயைச் சரியாக மூடாதவன் காலையில் காணும் நஷ்டம்தான் இது! தலைவர் சதீஷ் தவான் தாமே பத்திரிகைக்காரர்கள் முன் நின்று தோல்விக்குப் பொறுப்பேற்றார். கலாமின் கூட்டத்தார் பிழையைத் தேடிக் கண்டுபிடித்துத் திருத்தினார்கள். 1980 ஜூலை 18-ல் ரோகிணி வானேறியது. அன்று பத்திரிகைக்காரர்களிடம் பேசும் பெருமையைத் தவான் கலாமுக்கே விட்டுக்கொடுத்தார். அந்த எஸ்.எல்.வி.-யின் முதல் அடுக்கே பிறகு 1989-ல் அக்னி ஏவுகணைக்கும் அடித்தண்டாயிற்று.

சகோதரர்காள், நாம் மதரஸாவும் ஆரம்பப் பள்ளியும் மட்டுமே கண்டவர்கள். ஆயினும் நட்டத்தைப் பேரேட்டில் எழுதி, காரணம் தேடி, மறுநாளும் கடை திறப்பவர்கள். ராக்கெட்டுக்காரர்கள் செய்ததும் அதுவே. பிள்ளையின் படிப்புச் செலவை மட்டும் ஏன் பற்றுப் பக்கத்திலேயே எழுதி வைக்கிறோம்? அந்தச் சகோதரியின் வளையலை அடகுக்கடைக்காரர் நிறுத்துப் பார்த்து ஒரு விலை சொல்லியிருப்பார். அதன் உண்மையான மதிப்பு எந்தத் தராசுக்கு எட்டும்?

நம் மகனின் விண்ணப்பத்தில் சென்ற வாரம் கையெழுத்திட்டுவிட்டோம். கல்லாவை இன்னும் சில காலம் நாமே பார்த்துக்கொள்வோம், இன்ஷா அல்லாஹ்.